எல்லையற்ற கடலும் கொல்லாமை நோன்பும்

தீவினை மூன்று வழிகளில் உயிரைப் பற்றுகிறது என்பது நம் சமண அறம். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. பிளாஸ்டிக் கழிவினால் நேரும் உயிர்க்கேட்டை இம்மூன்றின் வழியே ஆராய்வோம்.

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதில் ஏற்றப்பட்டிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலிலும் கரையிலும் பரவின. ஆமைகள் மாண்டு கரை ஒதுங்கின, மீனவர் பிழைப்பிழந்தனர். கப்பல் சிங்கப்பூரில் பதிவானது. துன்புற்றதோ இலங்கைக் கரை. கடலுக்கு எல்லைக்கோடு இல்லை. எனவே ஒரு நாட்டின் சட்டம் மட்டும் கடல்வாழ் உயிர்களைக் காவாது.

இதனை உணர்ந்தே, 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவை, எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று வேண்டும் எனத் தீர்மானித்தது. ஆயினும் 2024-இல் பூசான் நகரிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுகள் உடன்பாடின்றியே முடிந்தன. உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்றன பல நாடுகள். கழிவை ஒழுங்காகக் கையாண்டால் போதும் என்றன எண்ணெய் வளமுடைய சில நாடுகள்.

எது தக்கது? 2019-இல் உலகம் பயன்படுத்திய பிளாஸ்டிக் ஏறத்தாழ 46 கோடி டன். அவ்வாண்டின் கழிவில் மறுசுழற்சி பெற்றது சுமார் 9 விழுக்காடே. பெருகும் வெள்ளத்தை மடையில் அடைக்காமல் வயலில் இறைத்து மாளுமோ? இல்லறத்தார்க்குரிய மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், பொருளுக்கு முன்னரே அளவு வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. தனிமனிதர்க்கு உரைத்த அந்நெறி நாடுகளுக்கும் பொருந்தும். அது நடவாத செயலும் அன்று. ஓசோன் படலத்தைச் சிதைத்த வேதிப்பொருள்களின் உற்பத்தியை, 1987-இல் உருவான மாண்ட்ரீல் உடன்படிக்கையின் வழியே உலக நாடுகள் ஒன்றுகூடிக் குறைத்துக் காட்டின.

"நாம் பிளாஸ்டிக் பை வாங்குவதில்லை, ஆகவே நமக்கு வினையில்லை" எனச் சிலர் கருதலாம். அது முதல் வாயிலை மட்டுமே அடைப்பதாகும். தேவையின்றி வாங்கும் ஒவ்வொரு பொருளின் உறையும் செய்வித்தலில் அடங்கும். கேடு கண்டும் வாளாவிருத்தல் உடன்படுதலுக்கு மிக அணித்து.

ஆதலின் ஜினாலய விழாக்களிலும் அன்னதானங்களிலும் வாழையிலையும் உலோகக் குவளையும் கொள்வோம். உற்பத்திக்கு வரம்பிடும் உடன்படிக்கையை நம் நாடு ஆதரிக்க வேண்டுமென்று நம் மக்கள் பிரதிநிதிகளுக்குச் சங்கங்களின் வாயிலாக எழுதுவோம். மூன்று வாயில்களையும் அடைப்பதே முழுமையான கொல்லாமை.

அறம் வளர்க!