சர்வீசுக்குக் கொடுத்த மிஷின் காணோம் என்றால்

திருப்பூரில் பவர் டேபிள் என்கிற தையல் யூனிட் நடத்துகிறவர்களுக்கு மெக்கானிக் கடை பழகிய இடம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று ஹெட்கள் மட்டும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். டேபிளும் மோட்டாரும் கம்பெனியில் நிற்க, ஹெட்டை மட்டும் கழற்றி வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டுபோவதுதான் இங்கே வழக்கம். பாதிக்கு மேல் ஒரே மாடல், ஒரே நிறம். கடைப் பையன் மாற்றிக் கொடுத்துவிட்டால் வாங்கிக்கொண்டு போனவருக்கே தெரியாது.

தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் என் ஓவர்லாக் ஒன்று அப்படித்தான் காணாமல் போனது. தையல் விட்டு விட்டு விழுகிறது, லூப்பர் டைமிங் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எடுக்கப் போனபோது கடைக்காரர், "அது டெலிவரி ஆயிருச்சுங்களே அக்கா" என்றார். யார் எடுத்தார்கள் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அந்த நேரத்தில் வாய் துடிக்கும். ஆனால் திருட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டால் கடைக்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பாரே தவிர மிஷினைத் தேட மாட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: "யாரும் கேட்டு வராத ஓவர்லாக் ஏதாச்சும் இங்க நிக்குதுங்களாண்ணா?" மாறிப் போயிருந்தால் கணக்குப்படி இன்னொருவருடையது கடையில் மிஞ்சி நிற்க வேண்டும். மூலையில் நின்றது, அதே மாடல். அது யாருடையது என்று டெலிவரி நோட்டைப் புரட்டியதும் ஒரு கம்பெனி பெயர் வந்துவிட்டது. அந்தக் கம்பெனி ஏற்கெனவே "தன்" மிஷினை எடுத்துப் போய்விட்டதாக நோட்டில் கையெழுத்தும் இருந்தது. காணாமல் போனதைத் தேடி ஊரைச் சுற்றும் முன், மிஞ்சி நிற்பதைத் தேடச் சொல்வதுதான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது. மிச்சம் எதுவும் இல்லை என்றால்தான் விற்றுவிட்டார்களோ என்ற கேள்வியே வர வேண்டும்.

கடைக்காரரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். தனியாகப் போயிருந்தால் நான் அடுத்தவர் மிஷினுக்கு உரிமை கொண்டாட வந்தவள் ஆகிவிடுவேன். அங்கே என் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் தம்பி விடுவதாக இல்லை. "சர்வீஸ் சார்ஜ் குடுத்துத்தானுங்க எடுத்துட்டு வந்தோம்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். பில்லையும் நம்பர் பிளேட் போட்டோவையும் காட்டினேன். பிளேட் கழன்று வேறொன்றில் ஏறுகிற பொருள்தானே என்றார். அப்போது உதவியது இரண்டாவது அடையாளம். மிஷினைச் சாய்ப்பதற்கு முன்பே சொன்னேன்: "அடியில் ஆயில் பேனுக்குப் பக்கத்தில், முன்விளிம்பில் மூன்று பஞ்ச் புள்ளி இருக்கும், நடுப்புள்ளி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்." நிறுத்திச் சாய்த்துப் பார்த்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்ததும் மூன்றும் தெரிந்தன. அதற்கு மேல் பேச்சில்லை. அவர்கள் மிஷினும் அன்றைக்கே அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

பார்த்துவிட்டு அடையாளம் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பார்க்கும் முன் சொல்ல வேண்டும். வெளியே தெரிகிற இடத்தில் பெயர் எழுதினால் பெயின்டில் மறைந்துவிடும். அடிப்பாகத்தில், நமக்கு மட்டும் தெரிந்த இடத்தில் அடிக்கிற புள்ளி நிற்கும். ஆயுத பூஜைக்கு மிஷினையெல்லாம் துடைத்துச் சந்தனம் வைக்கிறோமே, சந்தனம் வைக்கும் முன் ஒவ்வொரு நம்பர் பிளேட்டையும் போட்டோ எடுத்துவிடுவது எங்கள் கம்பெனியில் வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா மிஷினும் சுத்தமாக இருக்கிற நாள் அதுதான்.

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போன என் தம்பி மகனும் இதே சங்கதியைச் சொன்னான். கடலிலிருந்து வந்ததும் எல்லோருடைய கருப்பு ஜாக்கெட்டும் ரெகுலேட்டரும் நல்ல தண்ணீரில் அலசி ஒரே கம்பியில் தொங்குமாம். சிலிண்டரின் தோள்பட்டையில் சீரியல் நம்பரும் அழுத்தச் சோதனைத் தேதியும் குத்தியிருப்பதால் அதை அடையாளம் சொல்லிவிடலாம். ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருத்துகிற உலோகப் பகுதியிலும் நம்பர் உண்டு. துடுப்புச் செருப்பும் முகக்கண்ணாடியும்தான் மாறிப் போகும். அங்கேயும் சர்வீசுக்குக் கொடுக்கும்போது நம்பர் ரசீதில் ஏறியிருந்தால்தான் பேச முடியும். நம் ஊரில் துணிக்கு இதைச் சரியாகச் செய்கிறோம். நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து காம்பாக்டிங் என்று போகிற ஒவ்வொரு ரோலுக்கும் எடை, டயா, ஜிஎஸ்எம் எல்லாம் டெலிவரி சலானில், அதாவது டிசியில், ஏறுகிறது. துணியை விடப் பல மடங்கு மதிப்புள்ள மிஷினுக்கு மட்டும் "கொண்டுபோய் வச்சிருக்கேன் அண்ணா" என்ற வாய்ச்சொல்லா? அதற்கும் டிசி போடுங்கள். மாடல், சீரியல் நம்பர், கூடவே கொடுத்த பிரஷர் ஃபுட் வரைக்கும் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பேச்சில் தீராவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சர்வீசுக்குக் கொடுத்த பொருளைத் தன் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ளும் கடமை கடைக்காரருக்கு உண்டு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு அது. வேலை முடிந்த பொருளைக் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்கிறது 160. உரிய நேரத்தில் தராமல் வைத்திருந்து அது தொலைந்தால் பொறுப்பு அவருடையது, 161. அதே சட்டத்தின் 170-ஆவது பிரிவு அவர் பக்கமும் நிற்கிறது: செய்த வேலைக்குக் கூலி வரும்வரை மிஷினைப் பிடித்து வைக்கலாம். ஆகவே சர்வீஸ் பாக்கி வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். "பொருள் தொலைந்தால் கடை பொறுப்பல்ல" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அந்த ஒரு வரியாலேயே வழக்கு முடிந்துவிடாது.

டெலிவரி நோட்டைக் காட்ட மறுக்கிறார், ஆளுக்கொரு கதை சொல்கிறார் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனுவை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிடுங்கள். நம்பிக் கொடுத்த பொருளை மோசம் செய்வது பாரதிய நியாய சம்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் குற்றம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வழக்குப் பதிவாகி மிஷின் கைப்பற்றப்பட்டால், அதைத் திரும்ப வாங்க மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருக்கும். சீசன் அதற்குள் போய்விடும். அதனால்தான் மாறிப்போன மிஷினுக்கு ஸ்டேஷனுக்கு ஓடுவதை நான் கடைசியில் வைக்கிறேன். விற்றுவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வீட்டுத் தையல் மிஷின் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தொழில் மிஷினுக்கு அங்கே வணிக நோக்கம் என்ற கேள்வி எழும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100-க்குக் கூப்பிட்டு வழி கேட்கலாம். பவர் டேபிள் நடத்தும் எத்தனையோ பெண்களுக்கு இது தெரியவே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

மிஷின் கைக்கு வந்த பிறகும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கடையிலேயே மூடியைத் திறந்து லூப்பர், நீடில் பிளேட், கத்தி எல்லாம் பழையவைதானா என்று பாருங்கள். புது உதிரிபாகம் போட்டதாகப் பில்லில் இருந்தால் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள். கையோடு கொண்டுபோன வேஸ்ட் துணியில் ஒரு முழம் தைத்து, இழுத்துப் பார்த்துவிட்டு, சீரியல் நம்பரை டிசியோடு ஒப்பிட்டு, அப்புறம் நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.