திரைப்பொருள்களின் பண்புகளைக் காத்தல்

கணிப்பொறித் திரையில் காணும் பொத்தான், எழுத்துப்பெட்டி, தேர்வுப்பட்டியல் ஆகிய ஒவ்வொன்றும் நிரலுக்குள் ஒரு பொருளாகும். பெயர், அளவு, நிறம், அதில் எழுதப்பட்ட செய்தி முதலியன அதன் பண்புகள். நினைவகத்தில் மட்டும் வாழும் இப்பொருளைக் கோப்பில் வைக்கவோ வேறொரு பொறிக்கு அனுப்பவோ வேண்டின், அதனை எழுத்து வரிசையாக மாற்றுதல் வேண்டும். இதுவே தொடராக்கம். அவ்வரிசையிலிருந்து பொருளை மீண்டும் அமைப்பது மீட்டாக்கம் எனப்படும்.

பெங்களூரில் உருவாகி, 2001-ஆம் ஆண்டில் மாதிரி வெளியிடப்பட்ட சிம்ப்யூட்டர் இதற்கு நல்ல சான்று. கிராமத்தார் பலர் ஒரு பொறியைப் பகிர்ந்து கொள்வதே இதன் கருத்து. ஆகவே திரையின் அமைப்பு ஐ.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுத்தாக அமைந்தது. பயன்படுத்துவோரின் விவரம் அவரவர் ஸ்மார்ட் அட்டையில் தங்கியது. அச்சாதனம் எங்கும் பரவவில்லையெனினும், பொறி பொதுவாகவும் விவரம் தனியாகவும் இருக்கலாம் என்பதை அது உணர்த்திற்று.

எப்பண்புகளைக் காக்க வேண்டும்? மூன்று விதிகளை நினைவிற் கொள்க.

1. பயனர் இட்ட மதிப்பையும் அதன் வகையையும் காத்தல் வேண்டும். பெங்களூரின் தொலைபேசிக் குறியீடு 080. அதனை எண்ணாகப் பதிந்தால் 80 என்றே மீளும். எழுத்துச் சரமாகப் பதிந்தால் பூச்சியம் பிழைக்கும்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத அடையாளப்பெயர் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் திருப்பினால், பொதுவாகத் திரை அழிக்கப்பட்டு மறுபடியும் கட்டப்படுகிறது. வழக்கமான முறையில் அமைந்த திரையில், அடையாளப்பெயர் பெற்ற எழுத்துப்பெட்டியின் சொற்கள் மீளும். பெறாததன் சொற்கள் மறையும். வீடு வீடாகக் கணக்கெடுப்போர் அரைமணி நேரம் கேட்டு எழுதிய விடைகள் ஒரு கைத்திருப்பில் அழிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

3. அந்நேரத்திற்கு மட்டும் உரியவற்றை விலக்குதல் வேண்டும். நினைவக முகவரி அடுத்த இயக்கத்தில் மாறிவிடும். அதைப் பதிவதால் பயனில்லை. பெட்டி எந்தப் படிவத்தைச் சார்ந்தது என்பதை முகவரியால் அன்றிப் படிவத்தின் பெயரால் குறித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனைக் கணிப்பொறியின்றியும் கற்பிக்கலாம். ஒரு மாணவர் வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைச் சொற்களால் மட்டும் எழுதட்டும். மற்றொருவர் மூலத்தைப் பாராமல் அதை வரையட்டும். இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைப் பட்டியலிடச் செய்க. அப்பட்டியலே, எழுதும்போது மறக்கப்பட்ட பண்புகளாகும்.