பவர் ஸ்டியரிங் திரவம் ஏன் குறைகிறது? காரணத்தைக் கண்டறிதல்

பாடப்பகுதி: திரவ அமுக்கமும் அதன் பிரயோகங்களும்

மாணவர்களே! நீரியல் உயர்த்தி, பிறேக் தொகுதி ஆகியன திரவ அமுக்கத்தால் இயங்குவதைக் கற்றிருப்பீர்கள். அதே தத்துவத்தில் இயங்கும் மற்றொரு தொகுதி பவர் ஸ்டியரிங் ஆகும். 1990களில் தயாரான ஜப்பானியக் கார்கள் நமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றுட் பலவற்றில் இத்தொகுதியைக் காணலாம். இவ்வளவு பழைய கார்களில் அடிக்கடி ஏற்படும் குறைபாடு திரவம் குறைதல் ஆகும்.

1. தொகுதி இயங்கும் விதம்

தாங்கியிலுள்ள திரவத்தைப் பம்பி இழுத்து அமுக்கத்துடன் வெளியேற்றுகிறது. பம்பியைச் சுழற்றுவது எஞ்சினுடன் இணைந்த பெல்ட் ஆகும். திரவம் உயர் அமுக்கக் குழாய் வழியே ஸ்டியரிங் ரக்கினுள் சென்று, அங்குள்ள முசலத்தைத் தள்ளுகிறது. பின்னர் திரும்பு குழாய் வழியே தாங்கியை அடைகிறது.

உதாரணம்: திரவ அமுக்கம் 7 மெகாபஸ்கால், முசலத்தின் பரப்பளவு 8 சதுர சென்ரிமீற்றர் எனக் கொள்வோம்.
விசை = அமுக்கம் × பரப்பளவு
= 70,00,000 × 0.0008
= 5,600 நியூற்றன்

ஓட்டுநரின் கை இலேசாகத் திருப்பினாலும் சில்லுகள் திரும்புவது இவ்விசையினாலேயே.

2. முதலில் விளங்கவேண்டிய உண்மை

இது ஒரு மூடிய சுற்று. பெற்றோல் போல இத்திரவம் எரிந்து செலவாவதில்லை. பிறேக் தாங்கியில் மட்டம் மெதுவாகக் குறைவதற்குப் பிறேக் பட்டைகள் தேய்வதும் காரணமாகலாம். பவர் ஸ்டியரிங்கில் அவ்வாறான காரணம் எதுவுமில்லை. எனவே மட்டம் தொடர்ந்து குறைந்தால் திரவம் எங்கோ கசிகிறது என்பதே முடிவு. மீண்டும் ஊற்றுவது அடையாளத்தை மறைக்கும், காரணத்தை நீக்காது.

ஆனால் மட்டத்தைச் சரியாகப் பார்த்தல் வேண்டும். சூடான திரவம் விரிவதால், தாங்கியில் சூடான நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கும். காரைச் சமதரையில் நிறுத்தி, பொருத்தமான குறியுடன் ஒப்பிடுக.

3. கசிவது எத்திரவம்?

இரவில் காரின் முற்பகுதியின் கீழ் வெள்ளைக் கடதாசி மட்டையை விரித்து, காலையில் கறையைப் பார்க்கவும்.

• சிவப்பு, எண்ணெய்த்தன்மை: பல கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கும் இவ்வகைத் திரவமே பயன்படும். எந்தத் தாங்கியின் மட்டம் குறைந்துள்ளது எனப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பழைய திரவம் கபில நிறமாகவும் மாறியிருக்கலாம்.
• கபிலம் அல்லது கறுப்பு: எஞ்சின் ஒயிலாகவும் இருக்கலாம்.
• பச்சை அல்லது சிவப்பு, நீர்த்தன்மை: ரேடியேற்றர்த் திரவம்.

சிவப்பு நிறம் இரண்டிலும் வருவதால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஒரு துளியை நீரில் இடுக. எண்ணெய் மிதக்கும், ரேடியேற்றர்த் திரவம் நீருடன் கலந்துவிடும்.

4. கசியும் இடத்தைக் கண்டறிதல்

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, குழாய்களையும் பம்பியையும் துணியால் நன்கு துடைக்கவும். பின்னர் பெரியவர் ஒருவர் எஞ்சினை இயக்கி, ஸ்டியரிங்கை இரு புறமும் சில தடவை திருப்பட்டும். கடைசி எல்லையில் ஓரிரு செக்கனுக்கு மேல் பிடிக்கக்கூடாது. எஞ்சினை நிறுத்திய பின் டோர்ச் ஒளியில் பார்க்கவும். எண்ணெய் கீழ்நோக்கி வடிவதால், ஈரமான பகுதியுள் மிக உயரத்தில் உள்ள இடமே பெரும்பாலும் கசிவின் தொடக்கமாகும்.

(அ) திரும்பு குழாய்: இறப்பர் இறுகி வெடித்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம். திருத்துவதற்கு இலகுவானது இதுவே.
(ஆ) உயர் அமுக்கக் குழாய்: உலோகமும் இறப்பரும் இணையும் இடத்தில் கசியும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டுமே கசிவதும் உண்டு.
(இ) பம்பியின் தண்டு சீல்: பெல்ட் ஓடும் கப்பியின் பின்புறம் ஈரமாகும்.
(ஈ) ரக்கின் முனைச் சீல்கள்: கசியும் திரவம் ரக்கின் இரு முனைகளிலுமுள்ள மடிப்பு இறப்பர் உறைகளுள் தேங்கும். நிலத்தில் கறை தெரியாது. உறையை மெல்ல அழுத்தினால் உள்ளே திரவம் இருப்பதை உணரலாம்.

ஸ்டியரிங் இறுகியிருந்தும் மட்டம் சரியாக இருந்தால், பெல்ட் தளர்வு, பம்பிப் பழுது போன்றவற்றை ஆராய்க.

5. பாதுகாப்பு

• இயங்கும் எஞ்சினில் உயர் அமுக்கக் குழாயைக் கையால் தடவக்கூடாது.
• ஜக்கினால் மட்டும் உயர்த்திய காரின் கீழ் செல்லக்கூடாது.
• பிறேக் திரவத்தை ஊற்றக்கூடாது, சீல்கள் பழுதடையும். காரின் கைநூலில் குறிப்பிட்ட வகையையே ஊற்றவும்.

6. மாதிரி வினா

ஒரு காரின் பவர் ஸ்டியரிங் தாங்கியில் இரு வாரங்களுக்கு ஒருமுறை திரவம் ஊற்ற வேண்டியுள்ளது. திருப்பும்போது பம்பி ஊளையிடுகிறது. நிறுத்தும் இடத்தில் கறை இல்லை.
(i) திரவம் எங்கே சென்றிருக்கலாம்?
(ii) பம்பி ஒலியெழுப்பக் காரணம் யாது?
(iii) திரவத்தை ஊற்றிக்கொண்டே காரை ஓட்டுவது ஏன் ஆபத்தானது?

விடை
(i) ரக்கின் இறப்பர் உறைகளுள் தேங்கியிருக்கலாம். அல்லது ஓடும்போது மட்டும் கசிந்து, சூடான புகைக்குழாயில் பட்டு ஆவியாகியிருக்கலாம்.
(ii) மட்டம் குறைந்தபோது பம்பி திரவத்துடன் வளியையும் இழுத்தல். தாங்கியில் நுரை காணப்படுவது இதனை உறுதிசெய்யும்.
(iii) பம்பிக்கு உராய்வு நீக்கியும் இத்திரவமே. குறைந்தால் பம்பி தேயும். கசிவு திடீரெனப் பெருகினால் வளைவொன்றில் உதவி விசை அற்றுப்போகும். சில்லுகளுடன் பொறிமுறைத் தொடர்பு இருப்பதால் காரைத் திருப்ப முடியும். ஆனால் மிகுந்த பலம் வேண்டும். சூடான புகைக்குழாயில் படும் திரவம் தீப்பற்றவும் கூடும்.

கவனிக்க: "திரவம் குறைந்தது" என்பதைக் காரணமாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது அடையாளம் மட்டுமே. எந்தப் பாகம் பழுதடைந்தது, அதை எந்தச் சோதனையால் அறிந்தீர்கள் என்ற இரண்டையும் எழுதினாலே விடை முழுமை பெறும்.