கை மாறினால் குறியும் மாறும்: மவுஸ் பழகும் பாடம்



ஐம்பத்திரண்டு வயதில் கணிப்பொறியில் சுடும் விளையாட்டு ஆடுகிறேன் என்றால் அல்சூரில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் சென்ற சில மாதங்களில் மூன்று வீட்டுப் பெற்றோர் என்னைத் தனியே அழைத்து, "பையன் புது மவுஸ் வாங்கிய நாளிலிருந்து கை வரவில்லை என்று புலம்புகிறான், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஆளுக்கொரு முறை சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் பயிற்சியாளன் அல்லன். தவறு செய்து கற்றவன். அந்த அளவுக்கே இந்தப் பாடத்தைக் கொள்ளவும்.

ஏன் மாற்ற வேண்டி வந்தது?

என் மகன் கனடாவில் டொராண்டோவில் படிக்கிறான். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நான் இங்கே உட்காருவேன். கோடைக்காலமானால் அங்கே காலை பத்தரை. இருவரும் சேர்ந்து 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடுவோம். தொலைவினால் இணைப்பில் தாமதம் உண்டு. ஆகவே பெரும்பாலும் கணிப்பொறியே ஆட்டுவிக்கும் பொம்மை ஆட்களை எதிர்த்து ஒரே அணியாக ஆடுவது வழக்கம்.

தொலைபேசியில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டேன்பா" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவான். ஆட்டத்தின் நடுவே, கண் திரையில் இருக்கும்போது, வாய் தானாகத் திறக்கும். பகுதிநேர வேலை போனதையும், வாடகைக்கு நண்பனிடம் கடன் வாங்கியதையும் ஒரு சுவரின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தபோதுதான் சொன்னான்.

அப்படியிருக்க, என் வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போக ஆரம்பித்தன. மருத்துவர், மணிக்கட்டின் வழியே செல்லும் நரம்பு நெருக்கப்படுகிறது என்றார். பகலெல்லாம் அலுவலகக் கணிப்பொறி, இரவில் விளையாட்டு, இரண்டிலும் மணிக்கட்டை மட்டும் வெட்டி வெட்டித் திருப்பும் பழக்கம். "விளையாட்டை நிறுத்துங்கள், அல்லது கையை வைக்கும் முறையை மாற்றுங்கள்" என்றார். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் மேலே சொன்னதுதான்.

உணர்திறன் என்றால் என்ன?

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணிப்பொறிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது டி.பி.ஐ. எண்ணூறு டி.பி.ஐ. என்றால் அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் திரையில் எவ்வளவு திரும்புவது என்பதை விளையாட்டுக்குள் இருக்கும் 'சென்சிட்டிவிட்டி' தீர்மானிக்கிறது. பிள்ளைகள் சுருக்கமாக 'சென்ஸ்' என்பார்கள். இரண்டையும் பெருக்கினால் வருவதே உண்மையான வேகம். ஒன்றை மட்டும் சொல்லி "என் சென்ஸ் இரண்டு" என்பது, விலை சொல்லி எடை சொல்லாத காய்கறிக் கடை மாதிரி.

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சென்ஸ் 1 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.022 பாகை திரும்பும். வேலரண்ட் விளையாட்டில் அதே 1க்கு 0.07 பாகை. ஆகவே கவுண்டர் ஸ்ட்ரைக் எண்ணை 3.18 ஆல் வகுத்தால் வேலரண்டுக்கு உரிய எண் கிடைக்கும். இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரே எண்ணை இரண்டிலும் போட்டுவிட்டு, "மவுஸ் சரியில்லை" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. விளையாட்டில் ஒரு சுவரின் மூலையைக் குறி பார்த்து நில்லுங்கள். மவுஸை ஒரே பக்கமாக நகர்த்தி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே மூலைக்கு வாருங்கள். மவுஸ் நகர்ந்த தூரத்தைத் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அதுவே உங்கள் அளவு. எந்த விளையாட்டுக்குப் போனாலும் இந்தத் தூரம் மாறாமல் வைத்தால் கை குழம்பாது.

என் பழைய அளவு 800 டி.பி.ஐ., சென்ஸ் 3. ஒரு சுற்றுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். மணிக்கட்டைத் திருப்பினாலே பாதி உலகம் சுற்றிவிடும். இப்போது அதே டி.பி.ஐ., சென்ஸ் 1.2. ஒரு சுற்றுக்குச் சுமார் 43 சென்டிமீட்டர். இதற்கு முழங்கையும் தோளும் வேலை செய்தாக வேண்டும்.

நான் செய்த முதல் தவறு

பயந்துகொண்டு முதலில் 3லிருந்து 2க்கு மட்டும் வந்தேன். சுற்றுக்கு 26 சென்டிமீட்டர். பத்து நாள் ஆடியும் வலி குறையவில்லை. அந்த அளவையும் மணிக்கட்டு எப்படியோ சமாளித்துவிட்டது. பழைய பழக்கத்துக்கு இடம் இருக்கும்வரை அது போகாது. 1.2க்கு இறங்கிய பிறகுதான் மணிக்கட்டால் முடியாமல் போய், கை முழுதும் அசையத் தொடங்கியது.

இரண்டாவது தவறு, அதைத் திருத்தியவர்

புது அளவில் முதல் நாள் பயிற்சியில் நூறு பொம்மைக்கு முப்பத்தெட்டுதான் விழுந்தது. இடப்பக்கம் தவறினால் சென்ஸைக் கூட்டுவேன். வலப்பக்கம் தாண்டினால் குறைப்பேன். ஒரே இரவில் ஏழு முறை மாற்றினேன். கடைசியில் எதுவும் கையில் நிற்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு ஓய்வு பெற்ற சுபேதார் இருக்கிறார். அல்சூரில் இது அதிசயமில்லை. 1780லிருந்து வரலாறு கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் நம் பேட்டையிலேயே இருப்பதால், தெருவுக்கு ஒருவராவது அந்தப் படையிலிருந்து வந்தவர் இருப்பார். மாலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது என் குறையைச் சொன்னேன். அவருக்குக் கணிப்பொறி விளையாட்டு தெரியாது. ஆனால் குறி தெரியும்.

"தம்பி, புதுத் துப்பாக்கி கையில குடுத்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஒரே இடத்தைப் பாத்து அஞ்சு ரவுண்டு சுடுவோம். எங்க விழுதுன்னு பாக்க மாட்டோம், ஒண்ணா விழுதான்னு பாப்போம். அஞ்சும் ஒரு கையகலத்துல விழுந்தா, அது ஓரமா இருந்தாலும் கவலையில்ல, சைட்டை நகத்திக்கலாம். அஞ்சும் அஞ்சு பக்கமா சிதறினா சைட்டைத் தொடவே கூடாது. கோளாறு துப்பாக்கியில இல்ல, ஆள்கிட்ட."

இந்த ஒரு பேச்சு எனக்கு ஒரு மாத வீண் உழைப்பை மிச்சப்படுத்தியது. தவறுகள் நாலாபக்கமும் சிதறினால் பயிற்சி போதவில்லை என்று பொருள். இரண்டு வாரம் பயின்ற பிறகும் எப்போதும் ஒரே பக்கமாக, எப்போதும் தாண்டியே போனால்தான் அளவைக் குறைக்க வேண்டும். அப்போதும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் மாற்ற வேண்டாம்.

மூளை எப்படிப் பழகுகிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு சோதனையை விவரித்தார். காட்சியை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு பொருளைச் சுட்டினால், விரல் முதலில் தவறான இடத்துக்குப் போகும். பலமுறை முயன்றால் சரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் விரல் எதிர்ப்பக்கமாகத் தவறும். அதாவது, மூளை தன் கணக்கையே திருத்தி எழுதிக்கொண்டது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். முதலாவது, தவறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் திருத்தம் நடக்கும். சுட்டதும் கண்ணை எடுத்துவிடாமல், குறி எங்கே நின்றது என்று ஒரு கணம் பாருங்கள். இரண்டாவது, பழைய அளவுக்கும் புது அளவுக்கும் மாறி மாறிப் போனால் மூளை ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே பழகும் காலத்தில் ஒரே அளவு.

பழகும் முறை

1. மேசை: முழங்கை மேசை மட்டத்தில் தாராளமாக அசைய இடம் வேண்டும். மவுஸ் விரிப்பு பெரிதாக இருக்கட்டும். கீபோர்டைச் சற்றுச் சாய்த்து இடத்தை விட்டுக்கொள்ளலாம்.

2. விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரமும் வேகமாக நகர்த்தினால் வேறு தூரமும் போகும். புதிய விளையாட்டுகள் பல இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது.

3. வேலைப் பங்கீடு: பெரிய திருப்பம் தோளுக்கும் முழங்கைக்கும். கடைசி நூலிழைத் திருத்தம் மணிக்கட்டுக்கும் விரலுக்கும். மணிக்கட்டைக் கட்டிப்போட வேண்டாம். கை கொண்டுபோய்ச் சேர்க்கட்டும், விரல் முடித்துவைக்கட்டும்.

4. நாளுக்கு இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம், சுவரின் விளிம்பில் குறியை வைத்து, கோலத்தின் கோட்டை இழுப்பதுபோல் மெதுவாக நகர்த்துங்கள். அடுத்த பத்து நிமிடம், அசையாத பொம்மைகளை நோக்கி: நகர்த்து, நிறுத்து, பிறகு சுடு. நிற்பதற்கு முன் சுடுவதே பாதித் தவறுக்குக் காரணம். கடைசி ஐந்து நிமிடம் அசையும் பொம்மைகள்.

5. முதல் வாரம் மதிப்பெண் பார்க்க வேண்டாம், போட்டிக்கும் போக வேண்டாம். தோற்கும் பயத்தில் கை பழைய வழிக்கே ஓடும்.

6. வலியோ மரமரப்போ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கை கற்றதை மூளை பதித்துக்கொள்ள உறக்கம் உதவுகிறது.

குறைவாக அசைவதே சிறந்த குறி

1954ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதியைத் தந்தார். கை ஓர் இலக்கை அடைய எடுக்கும் நேரம், இலக்கு தொலைவில் இருந்தால் கூடும், இலக்கு பெரிதாக இருந்தால் குறையும். இலக்கின் அளவு நம் கையில் இல்லை. தூரம் நம் கையில் இருக்கிறது. எதிரி வரக்கூடிய மூலையில், அவன் தலை உயரத்தில் முன்கூட்டியே குறியை வைத்துக்கொண்டு நடந்தால், அவன் தோன்றும்போது நாம் நகர்த்த வேண்டியது ஓர் இம்மிதான். பலர் தரையைப் பார்த்தபடி ஓடி, ஆள் தெரிந்ததும் கையை வெட்டி இழுக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆடினேன். என் மணிக்கட்டைக் கெடுத்ததில் வேகமான சென்ஸுக்கு எவ்வளவு பங்கோ, இந்த அவசரத்துக்கும் அவ்வளவு பங்கு.

முடிவாக

மூன்றாம் வாரம் வரை என் ஆட்டம் பரிதாபம். ஒரு ஞாயிறு, "நீ உன் சிநேகிதர்களோட ஆடு கண்ணா, நான் உனக்குப் பாரமா இருக்கேன்" என்றேன்.

"அப்பா, நான் ஜெயிக்கிறதுக்காகவா இங்க வரேன்? நீங்க சும்மா என் பின்னாடி நடந்து வாங்க, போதும்" என்றான். நான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவன் பின்னாலேயே நடந்தேன். அவனுக்குப் புது வேலை கிடைத்த செய்தியையும் அன்றைக்குத்தான் சொன்னான்.

ஆறாம் வாரத்தில் நூறு பொம்மைக்கு எழுபத்தொன்று விழுந்தது. இரவில் விரல் மரத்துப்போவது இப்போது அரிது. சுபேதாரிடம் சொன்னேன். "ஒண்ணா விழுதா?" என்று மட்டும் கேட்டார்.

பெற்றோருக்கு ஒரு சொல். இத்தகைய விளையாட்டுகள் சிறு பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. வயதுக் குறிப்பைப் பார்த்து அனுமதியுங்கள், நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். ஆனால் வளர்ந்த பிள்ளை ஆடுகிறான் என்றால், எப்போதாவது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதில் உன் சென்ஸ் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால், மற்றவற்றையும் மெல்லச் சொல்வான்.