நாடகத்துக்கு ஒரு கணக்கு நோட்டு

மும்பையில் தேவ்நார் என்ற பகுதி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சீத்தா கேம்ப் இருக்கிறது. அங்கே தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். முன்பு அவர்கள் ஜனதா காலனியில் இருந்தார்கள். 1976-இல் அந்தக் குடிசைகள் அகற்றப்பட்டன. மக்கள் சீத்தா கேம்புக்கு வந்தார்கள். அதே ஆண்டில் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தது.

அந்த அட்டை சிறியது. ஆனால் குடியிருக்கும் உரிமை அதில் இருந்தது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டம் வரும்.

இதை மக்களுக்கு எப்படிச் சொல்வது? நாடகமாகச் சொல்லலாம். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-இல் பாரத ஞான விஞ்ஞான ஜாதா என்ற கலைப் பயணம் நாடெங்கும் நடந்தது. பாட்டும் வீதி நாடகமும் கல்வியைப் பரப்பின.

ஒரு நாடகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் 500 ரூபாய் கடன் வாங்குகிறாள். வட்டிக்காரர் நோட்டில் 5,000 என்று எழுதுகிறார். அவள் கைநாட்டு வைக்கிறாள். ஒரு சுழி கூடியது. கடன் பத்து மடங்கு ஆனது!

இந்த நாடகத்துக்கு ஒரு நோட்டு வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

தேவையான பொருள்கள்

ஏ4 தாள் 2, மேலட்டைக்குக் கெட்டித் தாள் 1, ஊசி, நூல், இரும்பு ஸ்கேல், பிளேடு, பழைய அட்டை.

பக்கக் கணக்கு

ஒரு தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம் கிடைக்கும். 2 தாளுக்கு 8 பக்கம். தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும். ஆகவே பக்கங்களை இப்படி எழுத வேண்டும்:

வெளித் தாள்: ஒரு புறம் 8, 1. மறு புறம் 2, 7.
உள் தாள்: ஒரு புறம் 6, 3. மறு புறம் 4, 5.

பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு எண்களையும் கூட்டுங்கள். எப்போதும் 9 வரும். வராவிட்டால் வரிசை தவறு.

எழுத்து ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி இருக்கட்டும். பல பிரதிகள் வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுக்கலாம். முதலில் ஒரு பிரதி மட்டும் எடுங்கள். மடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவற்றை எடுங்கள்.

தைத்தல்

மடிப்பில் 3 துளை போடுங்கள். நடுத் துளையில் ஊசியை உள்ளிருந்து வெளியே விடுங்கள். மேல் துளையில் உள்ளே வாருங்கள். கீழ்த் துளையில் வெளியே போங்கள். மறுபடி நடுத் துளையில் உள்ளே வந்து முடிச்சுப் போடுங்கள்.

ஓரம் வெட்டுதல்

தைத்த பிறகுதான் ஓரம் வெட்ட வேண்டும். ஏன்? மடித்த உள் தாள் கொஞ்சம் வெளியே நீட்டும். முன்பே வெட்டினால் ஓரம் சமமாக வராது. நோட்டுக்கு அடியில் பழைய அட்டையை வையுங்கள். ஸ்கேலை அழுத்திப் பிடியுங்கள். விரல் ஓரத்தில் இருக்கக் கூடாது. பிளேடை மெதுவாகப் பல முறை இழுங்கள். முதலில் திறக்கும் பக்கம். பிறகு மேலும் கீழும்.

எச்சரிக்கை

ஒவ்வொரு பக்கத்திலும் "நாடகத்துக்கு மட்டும்" என்று எழுதுங்கள். உண்மையான ரேஷன் அட்டையையோ ரூபாய் நோட்டையோ பிரதி எடுக்காதீர்கள். உண்மையான பெயரும் கணக்கு எண்ணும் வேண்டாம். பொய்க் காகிதம் காட்டி ஏமாற்றுவது குற்றம்.

நாடகம் முடிந்ததும் நோட்டைக் கூட்டத்தில் கொடுங்கள். ஒவ்வொருவரும் தொகையைப் படிக்கட்டும். படித்த பிறகு கையெழுத்துப் போடும் பழக்கம் அங்கே தொடங்கும்.

பதில் சொல்லுங்கள்

1. 3 தாளில் எத்தனை பக்கம் கிடைக்கும்? 
2. அப்போது எண்களின் கூட்டுத்தொகை என்ன?
3. தொகையை எண்ணால் எழுதியபின் எழுத்தாலும் எழுதுவது ஏன்?