இரண்டு மில்லிலிட்டரில் எவ்வளவு மருந்து?

உங்கள் தாத்தா பாட்டியிடம் 'கம்பவுண்டர்' என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் நோயாளியைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். அடுத்த அறையில் இருக்கும் கம்பவுண்டர் அதைப் படித்து, பெரிய ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றிக் கலக்கி, ஒரு பாட்டிலில் தருவார். பாட்டிலின் பக்கவாட்டில், ஓரத்தில் வெட்டுகள் போட்ட காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு வெட்டு. அந்த இளஞ்சிவப்பு 'மிக்சர்' எப்படி இருக்கும் என்று கேட்டால் என் பாட்டி இன்றும் முகத்தைச் சுளிப்பார்.

'காம்பவுண்டிங்' என்றால் மருந்துகளைச் சேர்த்துக் கலப்பது. கம்பவுண்டர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஆலைகள் மாத்திரைகளைக் கோடிக்கணக்கில் செய்யத் தொடங்கியதும் இந்த வேலை பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆனால் நின்றுபோகவில்லை. ஆலை செய்யும் மாத்திரை எல்லாருக்கும் பொருந்தாதே! விழுங்க முடியாத முதியவருக்கும், மாத்திரையில் உள்ள சாயமோ லாக்டோசோ ஒத்துக்கொள்ளாதவருக்கும், எல்லாரையும்விட அதிகமாகக் கைக்குழந்தைகளுக்கும், தனியாகக் கலந்த மருந்து இன்றும் தேவைப்படுகிறது.

கைக்குழந்தைகள் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது கேகே மருத்துவமனைதான். 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ச் சொற்களுக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். தேக்கா வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாடுகள் நிறைந்திருந்ததால் வந்த பெயர். இன்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் இருக்கும் ஹேம்ப்ஷியர் சாலையில்தான் 1997 வரை அந்த மருத்துவமனை இயங்கியது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். இப்போது புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது. இதுபோன்ற சிறார் மருத்துவமனைகளின் மருந்தகங்களில் கம்பவுண்டரின் பழைய வேலை இன்னும் நடக்கிறது. அதைச் செய்பவர்கள் இப்போது பட்டம் பெற்று, பதிவு செய்துகொண்ட மருந்தாளர்கள்.

என் அக்காவின் குழந்தைக்கு இரண்டு மாதமானபோது எடை 4 கிலோ. குடித்த பாலெல்லாம் அமிலத்தோடு மேலே வந்து தொண்டையைப் புண்ணாக்கியது. மருத்துவர் ஒமிப்ரசோல் கொடுக்கச் சொன்னார். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து அது. பெரியவர்களுக்கான கேப்சூலில் 20 மில்லிகிராம் இருக்கும். குழந்தைக்கு அவர் எழுதியது கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம், நாளுக்கு ஒரு முறை. அதாவது 4 மில்லிகிராம், கேப்சூலில் ஐந்தில் ஒரு பங்கு.

'கேப்சூலைத் திறந்து ஐந்தாகப் பிரித்துத் தண்ணீரில் கலக்கினால் ஆகாதா?' என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. இந்த மருந்துக்கு ஒரு விநோதமான பலவீனம் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் இந்த மருந்தே அமிலத்தில் பட்டால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதனால்தான் கேப்சூலுக்குள் பொடி இருக்காது. கடுகைவிடச் சிறிய உருண்டைகள் இருக்கும். ஒவ்வோர் உருண்டைக்கும் ஓர் உறை உண்டு. அந்த உறை அமிலத்தில் கரையாது. வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும். உருண்டைகளை நசுக்கினால் உறை உடைந்துவிடும், மருந்து வயிற்றிலேயே வீணாகிவிடும்.

மருந்தாளர் இதற்குக் கண்டுபிடித்த வழி, உங்கள் அமிலம், காரம் பாடத்திலேயே இருக்கிறது. அவர் உருண்டைகளை நசுக்குவதில்லை. 8.4 விழுக்காடு சோடியம் பைகார்பனேட் கரைசலில் போட்டுக் கலக்குகிறார். அமிலத்தில் கரையாத உறை இந்தக் காரக் கரைசலில் கரைந்துவிடும். வெளியே வரும் மருந்து காரத்துக்குள் பத்திரமாக இருக்கும். குழந்தையின் வயிற்றுக்குள் போனதும் பைகார்பனேட் அங்குள்ள அமிலத்தோடு வினைபுரிந்து அதைச் சற்று நேரம் நடுநிலையாக்கும். உப்பும் நீரும் கரியமில வாயுவும் உண்டாகும். அந்த இடைவெளியில் மருந்து தப்பித்துக் குடலுக்குப் போய்விடும்.

அதென்ன 8.4? உயர்நிலை மூன்றில் வேதியியல் படிப்பவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். சோடியம் 23, ஹைட்ரஜன் 1, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48. கூட்டினால் 84. நூறு மில்லிலிட்டரில் 8.4 கிராம் என்றால் ஒரு லிட்டரில் 84 கிராம். அதாவது, லிட்டருக்குச் சரியாக ஒரு மோல். வகுப்பில் 'மோல் எதற்கு சார்?' என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பாட்டிலைத்தான் காட்டுகிறேன்.

ஒரு கேப்சூலுக்கு 10 மில்லிலிட்டர் கரைசல். 20 மில்லிகிராமை 10 ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம். இதுதான் அந்த மருந்தின் செறிவு. குழந்தைக்கு 4 மில்லிகிராம் வேண்டும், எனவே 2 மில்லிலிட்டர். மருந்தகம் கொடுத்த ஊசியில்லாத சிறிய சிரிஞ்சில் அக்கா தினமும் 2 என்ற கோடு வரை இழுத்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அந்தக் கோடு அவர் கைக்குப் பழகிவிட்டது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அடுத்த முறை வேறொரு மருந்தகத்தில் மருந்துக்குச் சொல்லி வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்த பாட்டில் பாதி அளவுதான் இருந்தது. அவர்கள் மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் செறிவில் செய்திருந்தார்கள். லேபிளில் '1 மில்லிலிட்டர் கொடுக்கவும்' என்று சரியாகவே அச்சிட்டிருந்தது. எடுத்துத் தந்தவர் மட்டும் செறிவு மாறியிருப்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா பழக்கத்தில் 2 வரை இழுத்துவிட்டார். பாட்டில் ஏன் சின்னதாக இருக்கிறது என்று நான் லேபிளைத் திருப்பிப் படித்ததால் நின்றது. இல்லாவிட்டால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போயிருக்கும். இதயத்துக்கோ வலிப்புக்கோ கொடுக்கும் மருந்தாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே எனக்குப் பிடிக்கவில்லை.

மில்லிலிட்டர் என்பது இடத்தின் அளவு. மருந்தின் அளவு மில்லிகிராம். இரண்டையும் இணைப்பது செறிவு. அது தெரியாமல் '2 மில்லிலிட்டர் கொடு' என்பது, எவ்வளவு சர்க்கரை போட்டது என்று தெரியாமல் 'இரண்டு தம்ளர் தேநீர்' என்பதைப் போன்றது. நம் வீடுகளில் கொடுத்துவந்த உரைமருந்திலும் இதே குறைதான். சிராங்கூன் சாலைக் கடைகளில் வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் வாங்கி, கல்லில் 'இரண்டு இழைப்பு' இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். ஒரு பாட்டியின் இழைப்பும் இன்னொரு பாட்டியின் இழைப்பும் ஒன்றாகுமா?

புள்ளி இடம் மாறினாலும் ஆபத்துதான். அரை மில்லிகிராமை எழுதும்போது முன்னால் பூச்சியம் போட்டு 0.5 என்றே எழுத வேண்டும். வெறும் .5 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடலாம். 5 என்பதை 5.0 என்று எழுதக் கூடாது, அது 50 ஆகிவிடலாம். இரண்டுமே பத்து மடங்குத் தவறு. அறிவியல் தேர்வில் 5.0 என்று எழுதச் சொல்லி மதிப்பெண் கொடுக்கும் நானே இதைச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூச்சியம் துல்லியத்தைக் காட்டுகிறது, மருந்துச் சீட்டில் கண்ணை ஏமாற்றுகிறது.

எல்லா மருந்தும் நீரில் கரைவதில்லை. பல மாத்திரைகளைக் கல்வத்தில் இட்டு அரைத்து, கெட்டியான பாகு போன்ற நீர்மத்தில் கலக்குகிறார்கள். பொடி அதில் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும். பாடத்தில் 'தொங்கல்' என்று படித்திருப்பீர்கள். வைத்துவிட்டால் பொடி அடியில் படியும். குலுக்காமல் கொடுத்தால் முதல் வாரம் வெறும் பாகு, கடைசி வாரம் மருந்து முழுவதும். 'நன்றாகக் குலுக்கவும்' என்ற வரி அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல.

இந்தப் பாட்டில்களின் ஆயுளும் குறைவு. மாத்திரை உலர்ந்திருப்பதால் இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும். நீரில் போட்டதும் மருந்து மெல்லச் சிதையத் தொடங்கும், கிருமிகளும் வளரலாம். பதனப்பொருள் சேர்க்காத, எவ்வளவு நாள் தாங்கும் என்ற ஆய்வுத் தரவும் இல்லாத நீர்மருந்துக்கு அமெரிக்கத் தர விதிகள் குளிர்சாதனப் பெட்டியில் 14 நாள்தான் கொடுக்கின்றன. ஒமிப்ரசோல் நிறம் மாறியும் காட்டிக்கொடுக்கும். பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஆலை மருந்துகளை விற்பனைக்கு விடும் முன் நம் நாட்டில் சுகாதார அறிவியல் ஆணையம் ஆராய்ந்து பதிவு செய்கிறது. ஒரே ஒரு குழந்தைக்காகக் கலக்கும் பாட்டிலை அப்படி ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. கலப்பவரின் கவனமும் சுத்தமும்தான் காவல். அது தவறினால் என்ன ஆகும் என்பதை 2012இல் அமெரிக்கா பார்த்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த 'நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர்' முதுகுவலிக்கான ஸ்டீராய்டு ஊசிமருந்தைக் கலந்து அனுப்பியது. அதில் பூஞ்சை இருந்தது. மருந்து முதுகுத்தண்டின் அருகே செலுத்தப்பட்டதால் பலருக்கு மூளையுறை அழற்சி வந்தது. அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையத்தின் கணக்குப்படி 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றார்கள், 64 பேர் இறந்தார்கள். பெயர் குறிப்பிட்ட ஒரு நோயாளிக்காகக் கலக்க வேண்டிய மருந்தகம், ஆலையைப் போல ஆயிரக்கணக்கான குப்பிகளைச் செய்து அனுப்பியிருந்தது. ஒரு பாட்டிலில் நடந்தால் ஒருவரோடு நின்றிருக்கும் தவறு, நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே அங்கு சட்டத்தைத் திருத்தினார்கள்.

இப்போது அக்கா மருந்துக்குச் சொல்லும்போது குழந்தையின் அன்றைய எடையைச் சொல்கிறார். செறிவு என்ன, போன முறை கொடுத்ததேதானா, எத்தனை நாள் தாங்கும், எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு, சிரிஞ்சில் எந்தக் கோடு என்பதை மருந்தாளர் முன்னாலேயே இழுத்துக் காட்டுகிறார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் அவர் கண்டுகொள்வதில்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு. குழந்தை இப்போது 5 கிலோ. அதே கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை, மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் செறிவு. 14 நாளுக்கு எவ்வளவு நீர்மருந்து வேண்டும்? எத்தனை கேப்சூல் திறக்க வேண்டும்? (விடை: 35 மில்லிலிட்டர். அதில் 70 மில்லிகிராம் மருந்து. மூன்றரைக் கேப்சூலைச் சரியாக அளப்பது சிரமம் என்பதால் நான்கைத் திறந்து 40 மில்லிலிட்டர் செய்வார்கள். மிச்சம் 5 மில்லிலிட்டரில் ஒரு பகுதி பாட்டிலிலும் மூடியிலும் சிரிஞ்சிலும் ஒட்டிக்கொண்டு போய்விடும்.)