வானத்தில் ஐந்தரை, கடிகாரத்தில் ஏழரை
ஆப்பிரிக்கப் பயணம்: கேள்வி - பதில்

கே: லாகோஸிலிருந்து நைரோபிக்குப் பகல் 12 மணிக்குக் கிளம்பினால் இரவு 7.30க்குத்தான் போய்ச் சேருகிறது. திரும்பும்போது காலை 8 மணிக்கு ஏறி 11.30க்கே இறங்கிவிடலாமாம். எதிர்க்காற்றுதான் காரணமா? (கோவை வாசகர்)

ப: காற்றின் மேல் பழி போடாதீர்கள். நைரோபி கடிகாரம் லாகோஸைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள், இரு திசையிலும் ஐந்தரை மணி நேரம்தான்.

கே: கின்ஷாசாவிலிருந்து பிராசவில் போக எந்த விமானம் நல்லது?

ப: படகு. நடுவில் இருப்பது காங்கோ நதி மட்டும்தான். பாலம் இல்லை. நதியைக் கடப்பதைவிட இரு கரையிலும் குடியேற்ற முத்திரை வாங்கத்தான் நேரமாகும்.

கே: லாகோஸ்–நைரோபி 3,800 கி.மீ. விமான வேகம் 900. நாலே கால் மணிக் கணக்குதானே? எனக்கு ஏஜென்ட் பத்து மணி நேரத்துக்கு மேல் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏமாற்றுகிறாரா? (திருச்சி வாசகர்)

ப: வகுத்தல் சரி, கணக்கு தப்பு. அந்த 3,800 வரைபடத்தின் நேர்கோடு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்கு வட்டமடிப்பது எல்லாம் அதில் இல்லை. அதனால்தான் நேரடி விமானமே ஐந்து மணியைத் தாண்டுகிறது.

கோவைக்காரருக்கு நேரடி விமானம் கிடைத்துவிட்டது. உங்களை அடிஸ் அபாபா வழியாக அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. அங்கேயே 3,900 கி.மீ. ஆகிவிடும், பிறகு நைரோபிக்குத் தெற்கே இன்னொரு 1,150. நடுவே காத்திருப்பு. அடிஸ் பரவாயில்லை! பக்கத்து நாட்டுத் தலைநகருக்குப் போகப் பாரிஸ் வரை பறந்து திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று வானத்தைத் திறந்துவிட வேண்டும் என்று 1999இல் ஐவரி கோஸ்டின் யமுசுக்ரோவில் முடிவெடுத்தார்கள். அதற்கு உயிர் கொடுக்க, ஒற்றை வான்சந்தைத் திட்டத்தை ஆப்பிரிக்க ஒன்றியம் 2018இல் தொடங்கியது. வானம் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

போதாக்குறைக்கு, நம் சுவர் வரைபடங்கள் பூமத்திய ரேகைப் பக்கத்தைச் சுருக்கிக் காட்டுகின்றன. ஆப்பிரிக்கா இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு. கெய்ரோவிலிருந்து லண்டன் 3,500 கி.மீ.; அதே கெய்ரோவிலிருந்து ஜோஹானஸ்பர்க் 6,200க்கு மேல்! இனி ஏஜென்டிடம் கிலோமீட்டர் கேட்காதீர்கள். நேரடியா, வாரத்தில் எந்தெந்த நாள், இடையில் எத்தனை மணி நேரம் காக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஏஜென்ட் ஏமாற்றவில்லை.

கே: மஞ்சள் காய்ச்சல் ஊசி நேற்றுதான் போட்டேன். நாளை மறுநாள் லாகோஸ், பிறகு நைரோபி. பரவாயில்லையா?

ப: பரவாயில்லையாவது! ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. நைரோபியில் கேட்பார்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். தேதியைத் தள்ளிப்போடுங்கள். ஒரு நிம்மதி: ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும்.

கே: நைரோபி–மொம்பாசா ரயிலா, விமானமா? தியானி கடற்கரையில் தங்குகிறோம்.

ப: ரயில் ஐந்து மணி நேரம் போல, பகல் வண்டியில் சாவோ காட்டு யானைகள் ஜன்னலுக்கே வரலாம். விமானம் ஒரு மணி நேரம். ஆனால் மொம்பாசாவில் இறங்கினால் அங்கிருந்து தியானிக்குத் தனியாகப் போக வேண்டிவரும். உங்களுக்கு ஏற்றது தியானியை ஒட்டிய உகுண்டா விமானத்தளம். நைரோபியின் வில்சன் நிலையத்திலிருந்து சிறிய விமானங்கள் போகின்றன. அவற்றில் பெட்டி எடைக்குக் கெடுபிடி அதிகம். பெரிய சூட்கேஸை நைரோபி ஓட்டலிலேயே விட்டுவிட்டுத் துணிப்பையோடு போங்கள்.